பன்னிரண்டு பையன்களும் ஐந்து கிளைகளும்



மஸ்கட்டில் யாராவது "உங்க ஊர் எது?" என்று கேட்டால் நான் ஆளைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். மலையாளி என்றால், "நெய்யாற்றின்கரை தாலூக்கா, காரக்கோணம் பக்கம், குன்னத்துகால்." நாகர்கோவில்காரர் என்றால், "களியக்காவிளை தாண்டி, பனச்சமூட்டுக்கு இந்தப் பக்கம்." மதுரை, திருச்சிக்காரர் என்றால், "கன்னியாகுமரி பக்கம்" என்று சுருக்கமாக முடித்துவிடுவேன். மூன்றும் உண்மைதான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ரேஷன் கார்டு கேரளா, சொந்தபந்தம் பாதி குமரி மாவட்டம். 1956 நவம்பர் 1-ம் தேதி திருவிதாங்கூரின் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலூக்காக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலூக்கா கேரளத்திலேயே நின்றது. எங்களை மாதிரி எல்லை ஊர்க்காரர்களுக்குக் கோடு மட்டும்தான் புதிது. சந்தையும் கல்யாணமும் பழையபடியே நடக்கின்றன.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு எழுதும் விஷயத்தில் இந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் வரும். விஷயம் இதுதான். ஒரு பயிற்சி நிலையத்தை எதற்காகத் தொடங்கினோமோ அதை விட்டுவிடாமல் பெரிசாக்க முடியுமா? எனக்கு இது வெறும் யோசனை இல்லை. இந்த மாதம் முடிவு சொல்லியாக வேண்டிய விஷயம்.

எங்கள் ஊரில் ரப்பர் உண்டு, மரச்சீனி உண்டு, வாழை உண்டு. சம்பளம் தரும் வேலைதான் குறைவு. வீட்டுக்கு ஒருத்தராவது வெளியே இருப்பார்கள். நானும் அப்படி எலக்ட்ரீஷியனாக வந்தவன்தான், இப்போது மேற்பார்வையாளர். இங்கே சைட்டில் வருஷா வருஷம் ஒரே காட்சி. ஐ.டி.ஐ. முடித்த பையன் பெட்டியோடு வந்து இறங்குவான். சான்றிதழ் சரியாக இருக்கும். டிரேட் டெஸ்ட்டில் ஒரு ஆர்மர்ட் கேபிளை கிளாண்ட் போட்டுக் கட்டச் சொன்னால் கை நடுங்கும். அவ்வளவுதான், ஹெல்ப்பர் சம்பளத்தில் இரண்டு வருஷ காண்டிராக்ட். ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவே அது சரியாகப் போகும். பையன் முட்டாள் இல்லை. படித்த இடத்தில் ஒரு கேபிளை முப்பது பேர் சுற்றி நின்று பார்த்திருப்பார்கள், இவன் தொட்டிருக்க மாட்டான்.

அதனால் எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் என் சித்தப்பா மகனும் சேர்ந்து ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடை மாடியை வாடகைக்கு எடுத்தோம். ஐ.டி.ஐ.-யில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு சார் கிடைத்தார். ஒரு நோட்டில் முதல் பக்கத்தில் சித்தப்பா மகன் எழுதி வைத்தான்: "வெளியூர் போகும் பையன் முதல் நாளே வேலை தெரிந்தவனாக இறங்க வேண்டும்." அதுதான் நோக்கம். (நிலையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, விளம்பரம் ஆகிவிடும் :-))

நாலு மாசப் பயிற்சி. ஆறு வயரிங் போர்டு, போர்டுக்கு இரண்டு பேர், மொத்தம் பன்னிரண்டு பையன்கள். மூன்றாவது ஆள் போர்டில் நின்றால் அவன் வேடிக்கை பார்ப்பான் என்பது சாரின் கணக்கு. பைப் வளைப்பது, வயர் இழுப்பது, லக் கிரிம்ப் செய்வது, எர்த்து போடுவது எல்லாம் அவர்கள் கையாலேயே. இன்சுலேஷன் சோதனைக்கு 500 வோல்ட் மெக்கரைச் சுற்றி, ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் சப்ளை கொடுக்கக் கூடாது என்பதை அவர்களே கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி. ஏன் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று தேட வேண்டுமே தவிர, அதைக் கழற்றி நேராக இணைக்கக் கூடாது. கடைசி மாசம் சார் ராத்திரி போர்டுகளில் பழுது வைத்துவிட்டுப் போவார். காலையில் வந்து அவர்கள் தேட வேண்டும். சிலநாள் ஒரு பழுதைத் தேடி மத்தியானம் ஆகிவிடும். சார் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "சார், ஒண்ணு சொல்லித் தாங்களேன்" என்றால், "மக்களே, துபாய்ல நான் வரமாட்டேன் கேட்டியா" என்பார்.

இது வரைக்கும் கேட்க நன்றாக இருக்கும். இனி பணக் கணக்கு. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் வாடகையும் சாரின் சம்பளமும் சாமான் செலவும் ஓடும். எட்டு பேர்தான் சேர்ந்தால் மீதியை நான் மஸ்கட்டிலிருந்து அனுப்ப வேண்டும். லாபம் என்று ஒரு வருஷமும் கையில் வந்ததில்லை.

இந்த நிலையில்தான் ஆள் அனுப்பும் தொழில் செய்யும் ஒருவர் வந்து பேசினார். பெயர் வேண்டாம். வெள்ளறடை, களியக்காவிளை, மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஐந்து கிளை. மூன்று வாரப் பயிற்சி. பேட்ச்சுக்கு அறுபது பேர். போர்டு ஆறே போதும், மீதி வீடியோவில் காட்டலாம். முடித்துப் போகும் ஒவ்வொரு தலைக்கும் எங்களுக்கு ஒரு தொகை. முதல் வருஷ வாடகை அவர் பொறுப்பு. எங்கள் பெயருக்கு இங்கே சைட்டுகளில் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது, அதைத்தான் அவர் வாங்க வந்தார் என்பது எங்களுக்கும் புரிந்தது.

வீட்டில் பேசினேன். என் மனைவி கணக்குத் தெரிந்தவள். "வேண்டாம்னு சொல்றது லேசு. நீங்க இன்னும் எத்தனை வருஷம் இங்கேருந்து அனுப்புவீங்க? பொண்ணு அடுத்த வருஷம் காலேஜ். உங்களுக்கு வேலை போனா அந்த மாடியும் பூட்டித்தானே போகும்? அப்புறம் யாருக்கு நல்லது?" என்றாள். நியாயம். சித்தப்பா மகன் வேறு ஒன்று சொன்னான்: "அண்ணே, நம்மகிட்ட இடமில்லேன்னு திரும்பிப் போற பையன் வீட்லயா இருக்கான்? மூணு வாரத்துல சர்ட்டிபிகேட் கொடுக்கிற இடத்துக்குத்தான் போறான்." அதுவும் நியாயம். சிறிசாக இருப்பதே ஒரு புண்ணியம் என்று நினைத்தால் வெளியே நிற்கும் பையன்களுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஆக, வளர வேண்டும். எப்படி வளர்வது என்பதுதான் கேள்வி. நமக்கு முன்னால் இதைச் செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்.

நமக்கெல்லாம் தெரிந்த முதல் பயிற்சித் தொழில் டைப் ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். களியக்காவிளையிலோ பாறசாலையிலோ மாடிப்படி ஏறினால் டக் டக் என்று சத்தம் கேட்ட காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் தொழிலில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. சொல்லிக் கொடுப்பது இன்ஸ்டிட்யூட், தேர்வு வைப்பது அரசு. தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், கேரளத்தில் கே.ஜி.டி.இ. தேர்வு. தமிழ்நாட்டில் இங்கிலீஷ் ஜூனியருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45 வார்த்தை. மாஸ்டர் எவ்வளவு நல்லவரானாலும், எவ்வளவு பீஸ் வாங்கினாலும், தன் மாணவனைத் தானே பாஸ் போட முடியாது. இரண்டு கையும் ஓடினால்தான் பாஸ். அதனால் இன்ஸ்டிட்யூட் எத்தனை பெருகினாலும் அந்தச் சான்றிதழின் மதிப்பு இறங்கவில்லை. பின்னால் கம்ப்யூட்டர் வந்து வேலையே மாறியது வேறு கதை.

அதற்கு நேர் எதிர்க் கதை சமீபத்தியது. கண்ணூர் அழீக்கோட்டில் பிறந்த பைஜு ரவீந்திரன் நல்ல ஆசிரியர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நண்பர்களுக்கு கேட் தேர்வுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்து, பிறகு பெரிய அரங்குகளில் கூட்டம் கூட்டமாகப் பாடம் நடத்தியவர். 2011-ல் கம்பெனி, 2015-ல் செல்போன் செயலி. 2019-ல் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர். 2020-ல் ஒயிட்ஹேட் ஜூனியரை 30 கோடி டாலருக்கும், 2021-ல் ஆகாஷ் பயிற்சி நிலையங்களை 100 கோடி டாலரை ஒட்டியும் வாங்கினார்கள். 2022-ல் கம்பெனியின் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். அந்த வருஷமே, பெற்றோரை நெருக்கி, கடன் வாங்க வைத்துப் பாடம் விற்கிறார்கள் என்ற செய்திகளை ஒட்டி தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் கம்பெனித் தலைவருக்கு அழைப்பாணை அனுப்பியது. கம்பெனி அதை மறுத்தது. 2024 ஜூலையில், கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய சுமார் 158 கோடி ரூபாய் பாக்கிக்காக அந்த கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனது. அவருடைய மனசுக்குள் என்ன இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். முதலீடு போட்டவர்கள் கேட்ட எண்ணிக்கை எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை ரூபாய் வந்தது என்பது. எத்தனை பிள்ளைகளுக்குக் கணக்குப் புரிந்தது என்ற எண்ணிக்கையை யாரும் அவசரமாகக் கேட்கவில்லை.

அரசாங்கமே பணம் கொடுத்தாலும் இதே சிக்கல் உண்டு. 2015-ல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் பயிற்சி நிலையங்களுக்குப் பணம் மூன்று தவணை. பேட்ச் தொடங்கியதும் 30 சதவீதம், சான்றிதழ் பெற்றதும் 50, வேலையில் சேர்ந்ததும் 20. வேலைக்கு என்று தனியாக ஒதுக்கியது நல்ல யோசனைதான். ஆனால் ஒரு வியாபாரியின் கண்ணால் பாருங்கள். வேலை கிடைக்காவிட்டாலும் 80 ரூபாய் கைக்கு வந்துவிடும். கடைசி 20-க்காக ஓடுவதை விட அடுத்த பேட்ச்சைத் தொடங்குவது லாபம். நம்மிடம் வந்த ஏஜென்ட்டின் கணக்கும் இதுதான். தலை விமானம் ஏறியதும் தொகை. இறங்கிய பிறகு நடப்பது யார் கணக்கிலும் இல்லை.

இனி கோட்டுக்கு அந்தப் பக்கம் போவோம். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மார்த்தாண்டம். தேன் வாங்கப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர், 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அந்தத் தேனுக்குப் பின்னால் ஒரு பயிற்சி நிலையத்தின் கதை இருப்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

சேலத்தில் பிறந்த கே.டி. பால் என்பவர் ஒய்.எம்.சி.ஏ.-வின் முதல் இந்தியப் பொதுச் செயலாளர். நகரத்து இளைஞர்களுக்கான சங்கத்தைக் கிராமங்களுக்குத் திருப்பியவர் அவர். அந்த வழியில் 1920-களில் திருவிதாங்கூருக்கு வந்தவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். மார்த்தாண்டத்தில் ஒரு கிராம மையம் வைத்தார். நல்ல ஜாதிக் கோழி, முட்டையைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்பது, பெட்டியில் தேனீ வளர்ப்பது, நெசவு, முதியோர் கல்வி என்று பல வேலைகள். அவருடைய முறையின் அடிப்படை இரண்டு. ஏழை விவசாயி தன் வீட்டில் தன் காசில் திரும்பச் செய்ய முடியாத எதையும் மையத்தில் காட்டக் கூடாது. செய்கிறவன் விவசாயியாகவே இருக்க வேண்டும், தெரிந்தவன் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் 'அப் ஃப்ரம் பாவர்ட்டி இன் ரூரல் இந்தியா' என்று 1932-ல் புத்தகமாகவும் எழுதினார்.

மையத்துக்குப் பெயர் பரவியது. ஆண்டுதோறும் நடந்த பயிற்சிப் பள்ளிக்குப் பல மாகாணங்களிலிருந்தும் சமஸ்தானங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் எப்படி வளர்ந்தார்கள் என்பது. ஊர் ஊராக மார்த்தாண்டத்தின் கிளை என்று பலகை மாட்டவில்லை. கற்றுப்போனவர்கள் தங்கள் ஊரில் தங்கள் பொறுப்பில் தொடங்கினார்கள், இவர்கள் ஆலோசனை சொன்னார்கள். 1932-ல் பரோடா சமஸ்தானம் கோசம்பாவில் தொடங்கிய கிராம மையம் அப்படிப்பட்டது. அதற்கு வழிகாட்டியவர் ஹாட்ச், நடத்தியது பரோடா. தேனீ வளர்ப்பிலும் வளர்ப்பவர்களின் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, விற்பனை வளர்ப்பவர்களின் கைக்கே வந்தது. ஹாட்ச் பின்னாளில் மெக்சிகோவுக்கும், 1950-களின் தொடக்கத்தில் யுனெஸ்கோ வேலையாக இலங்கை மின்னேரியாவுக்கும் போய்விட்டார். அவர் போன பிறகும் தேனீப் பெட்டி விளவங்கோட்டு வீட்டுத் தோட்டங்களில் இருந்தது.

தேனீ வளர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், அதில்தான் எனக்கு விடை கிடைத்தது. முன்பு மரப்பொந்தில் புகை போட்டு, அடையை அறுத்து, புழுவும் முட்டையும் சேர்த்துப் பிழிவார்கள். கூட்டம் அத்தோடு அழிந்தது. பெட்டியில் கீழே புழு அறை, மேலே தேன் அறை. சட்டத்தை எடுத்துக் கருவியில் சுற்றித் தேனை மட்டும் இறக்கி, அடையைத் திரும்ப வைக்கலாம். இதை ஒரு மத்தியானத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். எங்கள் பக்கத்தில் ரப்பர் இலை உதிர்ந்து புதுத் துளிர் வரும் ஜனவரி முதல் மார்ச் வரை தேன் கொட்டும். பூவில்கூட இல்லை, ரப்பர் இலைக் காம்பின் நுனியிலேயே தேன் சுரக்கும். அந்த மூன்று மாசமும் யார் பெட்டி வைத்தாலும் தேன் கிடைக்கும்.

கஷ்டம் ஜூனில் மழை பிடித்த பிறகு. பூவும் இல்லை, துளிரும் இல்லை. சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். எறும்பு ஏறாமல் பெட்டிக் காலுக்கடியில் கிண்ணத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். மெழுகுப் பூச்சி அடையைத் தின்கிறதா, ராணி முட்டையிடுகிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் ஒருநாள் பெட்டி காலியாக இருக்கும். அதனால் ஒருவருக்குத் தேனீ வளர்க்கத் தெரியுமா என்பதை பிப்ரவரியில் போய்ப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகஸ்டில் போய்ப் பார்க்க வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்க நம் நாட்டுத் தேனீக்களைத் தாக்கியது. பத்தில் ஒன்பது கூட்டங்களுக்கு மேல் அழிந்தன. எங்கள் பக்கத்திலும் பெட்டிகள் விறகாகப் போயின. பிழைத்த கூட்டங்களைத் தேடிப் பிடித்து, பிரித்துப் பெருக்கி, தொழிலை மறுபடி நிறுத்தியவர்கள் கற்றதை உண்மையாகக் கற்றவர்கள். அவர்கள் கையில் சான்றிதழ் இருந்ததா என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

எங்கள் பையன்களுக்கும் ஒரு ஜூன் மாதம் உண்டு. விமானம் ஏறும் நாள் ஜனவரி மாதிரி, எல்லாருக்கும் சந்தோஷம், வீட்டில் பாயசம். ஆறு மாசம் கழித்து, வெயிலில் ஒரு பேனல் முன்னால் தனியாக நிற்கும்போது என்ன செய்கிறான்? ஆர்.சி.டி. டிரிப் ஆனால் பழுதைத் தேடுகிறானா, போர்மேன் திட்டுவான் என்று பயந்து நேராக இணைக்கிறானா? இரண்டாவதைச் செய்தால் யாரோ ஒருவர் சாகலாம். அது அவனாகவும் இருக்கலாம். எங்கள் நிலையம் சரியாக நடக்கிறதா என்பதை அந்த ஆறாம் மாசத்தில்தான் அளக்க முடியும். சேர்ந்தவர் எண்ணிக்கையிலும், விமானம் ஏறியவர் எண்ணிக்கையிலும் அது தெரியாது.

இதையெல்லாம் வைத்து நாங்கள் மூவரும் (சாரையும் சேர்த்து) போனில் மூன்று நாள் பேசி எடுத்த முடிவுகள் இவை.

ஏஜென்ட்டிடம் தலைக்கு இவ்வளவு என்ற பணம் வாங்குவதில்லை. அவர் தாராளமாக வந்து பையன்களைச் சோதித்து எடுத்துக்கொள்ளலாம், எங்களுக்கு ஒன்றும் தர வேண்டாம். அவர் பணம் கொடுத்தால் அவர்தான் வாடிக்கையாளர், பையன் சரக்கு. பையன் பணம் கொடுத்தால் அவன் எங்களைக் கேள்வி கேட்கலாம்.

பீஸை மூன்றாகப் பிரிக்கிறோம். சேரும்போது ஒரு பங்கு, நடுவில் ஒரு பங்கு, எலக்ட்ரீஷியன் சம்பளத்தில் வேலை கிடைத்து ஆறு மாசம் ஆன பிறகு கடைசிப் பங்கு. ஹெல்ப்பராக இறங்கினால் அந்தப் பங்கு வேண்டாம். சிலர் ஏமாற்றுவார்கள், தெரியும். அதையும் கணக்கில் வைத்திருக்கிறோம். ஆனால் ஆறாம் மாசம் அவனைத் தேடிப் போன் பண்ண எங்களுக்கு இப்போது பணத்தாலும் ஒரு காரணம் உண்டு.

கடைசிச் சோதனையை சார் நடத்தப்போவதில்லை, வெளி ஆள் நடத்துவார். டைப் ரைட்டிங் பாடம் இது. சவூதிகூட எலக்ட்ரீஷியன், பிளம்பர் போன்ற வேலைகளுக்கு இந்தியாவிலேயே தனியாகத் திறன் சோதனை வைக்கிறது. எங்கள் பக்கத்தில் எந்த மாசமும் லீவுக்கு வந்த வளைகுடா மேற்பார்வையாளர்கள் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் வந்து பழுது வைப்பார், சார் வெளியே திண்ணையில் உட்காருவார்.

கிளை விஷயம். ஐந்து கிடையாது, ஒன்று. பனச்சமூட்டில், இரண்டாவது பேட்ச்சில் எங்களிடம் படித்து, குவைத்தில் ஐந்து வருஷம் வேலை பார்த்துத் திரும்பிய தம்பி ஒருவர் தொடங்குகிறார். கடை அவருடையது, பெயர் அவருடையது, லாபநஷ்டம் அவருடையது. நாங்கள் பாட நோட்டும் போர்டு செய்யும் முறையும் கொடுக்கிறோம், சார் வாரம் ஒருநாள் போவார். அவரும் ஒரு போர்டுக்கு இரண்டு பேர்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த இடம் அடுத்த ஆசிரியர் கிடைக்கும்போது. ஆசிரியர் கிடைக்காத ஊரில் கட்டடம் கிடைத்துப் பிரயோசனமில்லை.

என் மனைவியின் கேள்விக்கும் பதில் வேண்டுமே. சாயங்காலம் போர்டுகள் சும்மா கிடக்கின்றன. ஏற்கனவே வயரிங் வேலை செய்கிற உள்ளூர் ஆட்களுக்கும் சிறு காண்டிராக்டர்களின் ஆட்களுக்கும் பாதுகாப்பு, சோதனை, பழுது தேடுதல் என்று ஆறு வாரம் மாலை வகுப்பு. இதற்கு முழு பீஸ் உண்டு, இரண்டு காண்டிராக்டர்கள் ஆள் அனுப்பச் சம்மதித்துவிட்டார்கள். நோட்டின் முதல் பக்கத்தோடு இது மோதவில்லை. கற்பதும் அதே வேலை, பிழைப்பதும் அதே உயிர். இரண்டு வருஷத்துக்குள் மஸ்கட்டிலிருந்து பணம் போவது நிற்க வேண்டும் என்று அவளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், கையெழுத்தோடு. முடியுமா என்றால், மாலை வகுப்பு நிறைந்தால் முடியும். நிறையாவிட்டால் பேட்ச்சைக் குறைப்போம், போர்டுக்கு மூன்றாவது ஆளை ஏற்றமாட்டோம். அவள் பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டாள். "பார்ப்போம்" என்றாள்.

ஏஜென்ட்டுக்கு நேற்று சித்தப்பா மகன் பதில் சொல்லிவிட்டான். அவர் கோபப்படவில்லை. வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். அவர் வேறு இடத்தில் அந்த ஐந்து கிளையைத் திறக்கவும் செய்வார், அறுபது பேர் சேரவும் செய்வார்கள். அதைத் தடுக்க எங்களால் ஆகாது.

ஊரில் தம்பியையோ மருமகனையோ இப்படி ஒரு நிலையத்தில் சேர்க்க நினைக்கிறவர்கள் பீஸைக் கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு போர்டில், ஒரு மெஷினில் எத்தனை பேர்? கடைசிச் சோதனை வைப்பது யார்? போன வருஷம் போனவர்களில் ஒருவரின் நம்பர் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு இழுத்தால் படி இறங்கிவிடுங்கள்.

எங்கள் பக்கத்துக்காரர்கள் யாராவது எலக்ட்ரிக்கல் வேலையில் இருந்து இந்த வருஷம் லீவுக்குப் போவதாக இருந்தால், அரை நாள் எங்கள் பையன்களுக்கு ஒதுக்குங்கள். ஒரு போர்டில் பழுது வைத்துவிட்டுப் போனால் போதும். சம்பளம் கிடையாது. சார் வீட்டிலிருந்து மரச்சீனியும் மீன்கறியும் வரும்.